மழை இருட்டினால் மகன் பையைக் கட்டுகிறான்

செம்பரத்தை | தை 11, இரவு 9.52

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை, வாசித்துவிட்டுப் போகிற ஆள். இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் பொம்மைவெளிக்குக் கிட்ட, பள்ளக் காணி. 2024 கார்த்திகை வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. மூன்று இரவு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். மகனுக்கு அப்போது ஐந்து வயது. அங்கே மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடினான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பாருங்கோ, பெரிய மனிசன் மாதிரி இருக்கிறான்" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் ஒன்றுமில்லை. போன கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்த கிழமை எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, முற்றத்தோடு நின்றுவிட்டது. ஆனால் கண்டி, பதுளைப் பக்கத்து மண்சரிவு வீடியோக்கள் போனில் ஓடிக்கொண்டேயிருந்தன. இவரும் நானும் விடிய விடியப் பார்த்தோம். மகன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான், நாங்கள் கவனிக்கவில்லை.

அதிலிருந்து வானம் கறுத்தால் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிவிட்டு வேறு சாமான் அடுக்குகிறான். ரோச், ஒரு பிஸ்கட் பக்கற், என்னுடைய பழைய சால்வை, மூடியில் ஓட்டை குத்திய ஒரு வெறும் சப்பாத்துப் பெட்டி. செருப்போடு படுக்கிறான். மூன்று வயதில் நின்றுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்பி வந்திருக்கிறது. மழை நாளில் பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுக்குத்து.

போன கிழமை கேட்டான், "அம்மா, மலை எங்கட வீட்டுக்கு மேலயும் விழுமோ?" யாழ்ப்பாணத்தில் மலையே இல்லையடா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கீரிமலை?" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதை" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். மாமியார் நூல் கட்டச் சொன்னார், கட்டியாயிற்று. இவர் செல்லம் கூடிப்போச்சு என்கிறார். இதே மாதிரிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

---

பழைய பனை | தை 11, இரவு 10.30

தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். உன்ரை மனுசன் சொல்வதில் பாதி சரி.

எனக்கு 1964 மார்கழிச் சூறாவளி நல்ல ஞாபகம். தனுஷ்கோடியை அழித்ததே, அதே புயல்தான். எனக்கு ஏழு வயது. மன்னார்ப் பக்கம் அப்போது நாங்கள் இருந்தோம். இரவு முழுக்கக் காற்று, கூரைக் கிடுகு முழுவதும் போய்விட்டது. விடிந்ததும் அப்பு என் கையில் ஒரு கத்தியைத் தந்து, விழுந்த தென்னையில் ஓலை வெட்டச் சொன்னார். அவ்வளவுதான். ஒருவரும் என்னை இருத்தி "மகனே, உனக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்கவில்லை. பிறகு யுத்தம், இடம்பெயர்வு, பங்கர், எல்லாம் பார்த்தோம். எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். இப்போது முழங்கால் தண்ணீருக்கு ஆலோசகர் தேடுகிறோம்.

பிள்ளை பையைக் கட்டுவது கெட்டித்தனம். பள்ளக் காணியில் இருக்கிறவன் மழைக்குப் பையைக் கட்டாமல் வேறென்ன செய்வான்? அதற்குப் பெயர் நோய் இல்லை, புத்தி.

---

சின்ன ரீச்சர் | தை 12, காலை 6.15

பழைய பனை ஐயா, உங்கள் அப்பு ஒன்றும் கேட்கவில்லை என்கிறீர்கள். கத்தியைக் கையில் தந்திருக்கிறாரே. அது சும்மா விட்டதில்லை.

செம்பரத்தை, நான் வடமராட்சியில் முன்பள்ளி ஆசிரியை. 2024 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். பெயர் "முகாம்". ஒரு பிள்ளை விதானையார், அதுதான் கிராம அலுவலர். கையில் ஒரு பூவரசம் இலை, அதுதான் பதிவுப் புத்தகம். "உங்கட வீட்டில எத்தனை பேர்? பாய் எத்தனை வேணும்?" என்று கேட்டுப் பதியும். இன்னொரு பிள்ளை சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும். ஒரு பிள்ளைக்கு எப்போதும் கிடைக்காது. அந்தப் பிள்ளை சண்டை பிடிக்க வேண்டும். அதுவும் விளையாட்டின் விதி! எங்கள் முகாம்களைப் பற்றி யாராவது அறிக்கை எழுதுவதென்றால் முதலில் இந்தப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

சில தாய்மார் வந்து, "ரீச்சர், இந்தத் தரித்திர விளையாட்டை நிப்பாட்டுங்கோ" என்றார்கள். நான் நிற்பாட்டவில்லை. சின்னப் பிள்ளைகள் நடந்ததை வாயால் சொல்வதில்லை, கையாலும் காலாலும் சொல்வார்கள். திரும்பத் திரும்ப விளையாடி, தாங்கள் ஆட்டிவைக்கக்கூடிய அளவுக்கு அதைச் சின்னதாக்கிக்கொள்வார்கள்.

ஒருத்தியை மட்டும் கவனித்துப் பார்த்தேன். தனியே இருந்து மண்ணில் வீடு கட்டுவாள், தண்ணீர் ஊற்றுவாள், பொம்மையை அதற்குள் அமிழ்த்துவாள். நாள்தோறும் அதே முடிவு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் பக்கத்தில் போய் இருந்து, "வள்ளம் ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டேன். "வள்ளம் பழுது" என்றாள். சரியென்று நானும் பேசாமல் இருந்தேன். அடுத்த நாளும் பழுது. மூன்றாம் நாள் அவளே ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, "இது திருத்தின வள்ளம்" என்றாள்.

உங்கள் மகன் முகாமில் அழாததை எல்லாரும் புகழ்ந்தது பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. புகழ்ந்தால் பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, நீங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில்தானா இப்போது படிக்கிறான்?

---

செம்பரத்தை | தை 12, காலை 6.40

ஓம் ரீச்சர். அதே பள்ளிக்கூடம். போன வருடம் முதலாம் வகுப்புக்குச் சேர்த்தோம். நாங்கள் படுத்த மண்டபத்தில்தான் அவனுடைய வகுப்பு, நடுவில் தட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை.

---

ஸ்காபரோ தம்பி | தை 12, காலை 7.05

இங்கே கனடாவில் என் மகளுக்கு ஏழு வயது. வெள்ளத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. டித்வா நேரம் அப்பம்மா அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் தனியே படுக்கமாட்டேன் என்றாள். ஒரே வீடியோ எட்டுக் குழுவிலிருந்து வந்தது. எட்டு மலை விழுந்துவிட்டது என்று எண்ணியிருக்கிறாள். தயவுசெய்து போனைப் பிள்ளைகள் முன்னால் கொஞ்சம் மூடி வையுங்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

கொடியிலை | தை 12, பிற்பகல் 1.20

நான் உளவளத்துணைப் பயிற்சி பெற்று, சில காலம் வடக்கில் பிள்ளைகளோடு வேலை செய்தவள். மருத்துவர் இல்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஸ்காபரோ தம்பி சொன்னது. சின்னப் பிள்ளைகளுக்கு, திரும்பக் காட்டுகிற காட்சி திரும்ப நடக்கிற சம்பவம்தான். நேற்றைய மண்சரிவை இன்று காட்டினால் இன்றும் ஒரு மலை விழுகிறது.

செம்பரத்தையின் மகன் செய்கிறவற்றில் எனக்குப் புதியது ஒன்றுமில்லை. ஆறு வயதுக்காரர் மூன்று வயதுக்குத் திரும்பிப் போவார்கள். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, தாயின் சேலையை விடாமல் பிடிப்பது எல்லாம் அதில் சேரும். எட்டுப் பத்து வயதில் தலையிடி, வயிற்றுக்குத்து வரும், ஒரே கேள்வியை ஐம்பது தரம் கேட்பார்கள். அது நடிப்பில்லை, வயிறு உண்மையாகவே குத்தும். பதின்ம வயதினர் வாயை மூடிக்கொள்வார்கள் அல்லது எரிந்து விழுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீடு பழைய ஒழுங்குக்கு வர, சில கிழமைகளில் தாமாகவே தெளிந்துவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம் மூன்றும் குழம்பியே இருந்தால்தான் ஒருவரிடம் காட்ட வேண்டும். செம்பரத்தை, உங்கள் கணக்கு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு அடித்தால் தமிழிலும் கதைக்கலாம். போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பழைய பனை ஐயாவுக்கு ஒரு பதில். "யுத்தம் பார்த்த எங்களுக்கு வெள்ளம் எம்மாத்திரம்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2004 சுனாமி நடந்து மூன்று நான்கு கிழமைக்குள் ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று கரையோர இடங்களில் 8 முதல் 14 வயது வரையான 264 பிள்ளைகளைச் சந்தித்தார்கள். அதில் ஓர் இடம் எங்கள் மணற்காடு, மற்றவை தெற்கில். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரையான பிள்ளைகளிடம் கடும் மனவடுப் பாதிப்பு இருந்தது. கடலில் என்ன கண்டார்கள், வீட்டில் யாரை இழந்தார்கள் என்பவற்றோடு, அதற்கு முன்னர் என்னென்ன பட்டார்கள் என்பதும் பாதிப்பைக் கூட்டியது. முன்பு பட்ட அடி பிள்ளையை உரமாக்கவில்லை. அடுத்த அடி விழ இடம் பண்ணி வைத்தது.

வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கசப்பானது. பத்தில் எட்டுப் பேர் யுத்தத்தைக் கண்டவர்கள், எழுபது சதவீதத்துக்கு மேல் சுனாமியைக் கண்டவர்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வீட்டுக்குள் அடி, ஏச்சு, மிரட்டல் என்று ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். தகப்பனின் குடி கூடக் கூட வீட்டு வன்முறையும் கூடியது. வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிடும். அதற்குப் பிறகு கடன், வேலையில்லாத தகப்பன், சாராயம், அடி. அந்தத் தண்ணீர்தான் வீட்டுக்குள் தேங்கி நிற்பது. எங்கள் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதுவதும் இதைத்தான்: பிள்ளையைத் தனியே பிரித்து எடுத்து மருந்து கொடுக்க முடியாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. சுனாமிக்குப் பிறகு ஒரு முகாமில் கடும் பாதிப்பிருந்த 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு தடவை மட்டும் வைத்தியம் செய்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கதை சொல்லும் முறை. தரையில் ஒரு கயிற்றை விரித்து, அதைத் தன் வாழ்க்கையாக வைத்துக்கொண்டு, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைத்துப் பிள்ளை தன் கதையை முழுவதுமாகச் சொல்லும். மற்றவர்களுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சின்னத் தொகைதான், பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் ஆட்களே செய்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். (கயிறும் கல்லும் வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கிற விளையாட்டில்லை. பாதியில் விட்டால் இன்னும் மோசமாகும்.)

பையைப் பிடுங்க வேண்டாம். அதில் இருக்கிறவற்றை அவனையே ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

---

பழைய பனை | தை 12, மாலை 5.10

வெளிநாட்டுக்காரன் வந்து எங்கள் பிள்ளைகளிடம் "உன்ரை அப்பா அடிக்கிறாரோ" என்று கேட்டால், பிள்ளை எதையாவது சொல்லும். பிள்ளையை அடிக்காமல் வளர்த்த தகப்பன் எங்கே இருக்கிறான்? அதையும் சுனாமியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

---

கொடியிலை | தை 12, மாலை 5.45

கேட்டவர்கள் வெளிநாட்டுக்காரர் இல்லை ஐயா, பயிற்சி பெற்ற எங்கள் ஊர் ஆட்கள், தமிழில். ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. பிள்ளையின் உடம்புதான் வைக்கிறது.

---

மூன்று பெட்டை அப்பா | தை 12, இரவு 8.20

கொடியிலை சொன்ன குடிக் கதையில் நான் கொஞ்சம் இருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன், அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறீர்கள். என் மூத்தவள் 2024இல் உயர்தரம் எடுத்தாள். பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் வெள்ளம், இடையில் நிற்பாட்டினார்கள். சரி, பிறகு எழுதினாள். நினைத்த பெறுபேறு வரவில்லை, 2025இல் திரும்ப எடுத்தாள். டித்வா வந்தது, திரும்பவும் பாதியில் நிற்பாட்டினார்கள்! அன்றைக்கு அவள் அழவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டி பானை எல்லாவற்றையும் இறக்கி, அரைவாசி இரவு வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாய் ஒரு வார்த்தை கேட்டதற்குச் சீறிப் பாய்ந்தாள். "இந்த வயதில் இவ்வளவு வாயா" என்று நானும் கத்திவிட்டேன்.

பிறகுதான் விளங்கியது. அவளுக்குப் பயம் தண்ணீருக்கில்லை. தேதி என்று ஒன்றை இனி நம்பலாமா என்பதுதான். கடைசியில் அவளாகவே பக்கத்து இடைத்தங்கல் முகாமுக்குப் போய், சின்னப் பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். திரும்பி வரும்போது நல்ல பசி என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுப் பத்து நாளாகியிருந்தது.

---

நடத்துநர் | தை 12, இரவு 9.00

ஒரு பதிவிலிருந்து முகாமில் நித்திரை கொள்ளும் பிள்ளைகளின் படத்தை நீக்கியிருக்கிறேன். முகம் தெரிகிற பிள்ளைப் படங்களை இங்கே போட வேண்டாம், நல்ல நோக்கத்துக்கென்றாலும்.

---

கிழக்குக் கரை | தை 13, பின்னிரவு 1.35

நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வடமராட்சி கிழக்கு, மருதங்கேணிப் பக்கம். 2004 மார்கழி 26 எனக்கு எட்டு வயது. முதல்நாள் நத்தார். எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்து ஒரு பந்து கிடைத்தது, அதுதான் சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பந்தைத் தரவில்லை. "கடலில போவாய்" என்று ஏசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் அது பெரிய ஏச்சில்லை, பெரியவர்கள் நாளெல்லாம் ஏசுவது.

கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. சத்தத்தை எழுதத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் தோள் கழன்றது. அது மட்டும் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும்.

மச்சான் போய்விட்டான். ஆனால் எனக்குச் சொன்னது, "அவன் பருத்தித்துறையில மாமி வீட்டை நிக்கிறான்" என்று. நான் நம்பினேன். இல்லை, நம்பியதுபோல் இருந்தேன். பெரியவர்கள் என்னைக் கண்டால் கதையை நிற்பாட்டுவார்கள், அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் "நீதானே ஏசினாய்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தைப்பொங்கலுக்கு வருவான் என்றார்கள். பொங்கலன்றைக்கு முழுப் பகலும் படலையடியில் நின்றேன். ஒருவரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

முகாமுக்குப் பிள்ளைகளைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வர்ணப் பென்சில் தந்து, மனதில் இருப்பதைக் கீறச் சொல்வார்கள். முதல்நாள் நான் ஒரு பந்து கீறினேன். அக்கா பார்த்துவிட்டு "வடிவா இருக்கு" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவன் கறுப்பில் பெரிய அலை கீறினான். அவனோடு அரைமணித்தியாலம் இருந்தார். அடுத்த நாள் எல்லாரும் அலை கீறினோம். அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை, நல்ல மனம். ஆனால் பந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்று பல தரம் நினைத்திருக்கிறேன்.

வார்த்தையால்தான் அவன் போனான் என்று பதினாறு வருடம் நம்பியிருந்தேன். படித்தேன், கம்பசுக்குப் போனேன், நிலநடுக்கம் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நடந்தது என்று தெரியும். தெரிந்தும் நம்பினேன். அறிவு ஒரு பக்கம், அந்த எட்டு வயதுப் பொடியன் ஒரு பக்கம்.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். உடுத்துறை நினைவாலயத்தில் நானும் மாமாவும், மச்சானின் தகப்பன், பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். 2020இல் முடிந்து திரும்பி வரும் வழியில், எப்படி வாயில் வந்ததோ தெரியாது, மாமாவிடம் சொல்லிவிட்டேன். சண்டை, ஏச்சு, எல்லாம். மாமா சைக்கிளை நிற்பாட்டினார். கன நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "அண்டைக்குக் காலமை பந்துக்கு ஏன் சண்டை பிடிச்சனி எண்டு நானும் அவனுக்கு அடிச்சனான்."

அங்கேயே, வெயிலில், றோட்டுக்கரையில் இருந்துவிட்டோம்.

செம்பரத்தை அக்கா, உங்கள் மகனுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அந்த வெள்ளத்தில் அவனிடம் யாராவது ஏதாவது பொய் சொன்னீர்களா? அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

---

சின்ன ரீச்சர் | தை 13, காலை 5.50

தம்பி, வாசித்தேன். வகுப்புக்குப் போக நேரமாகிறது, எழும்ப மனமில்லாமல் இருக்கிறேன்.

---

பழைய பனை | தை 13, காலை 8.15

பொங்கல் வேலைக்கு ஆட்கள் நிற்கிறார்கள், ஆனாலும் இதை எழுதிவிட்டுப் போகிறேன். 1964இல் எங்களுடைய ஒரு பசுவும் கன்றும் போனது. அப்பு கத்தியைத் தந்தது ஓலை வெட்ட என்று எழுதினேன். கொட்டிலுக்குப் பக்கத்து ஓலையை மட்டும் வெட்டவேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது நேற்று இரவுதான் ஞாபகம் வந்தது.

காற்றுச் சத்தம் கேட்டால் இப்போதும் நான் எழும்பி மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அது புத்திதான். அதில் மாற்றமில்லை.

---

செம்பரத்தை | தை 17, இரவு 10.05

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னியுங்கள்.

கிழக்குக் கரைத் தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தவுடனே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. கோழி.

2024இல் எங்களிடம் ஒரு கறுத்தப் பேடும் ஆறு குஞ்சும் இருந்தன. குஞ்சுகளை மகன்தான் பார்த்தான், அரிசிக் குறுணல் போடுவது அவன் வேலை. அன்றிரவு தண்ணீர் ஏறியபோது பிள்ளையைத் தூக்குவதா, பத்திரங்களை எடுப்பதா என்ற அவசரம். கூட்டை ஒருவரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் இவர் முதலில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தாட்டுவிட்டார். மகனிடம், "பக்கத்து வீட்டு அன்ரிக்குக் குடுத்திட்டம்" என்று நான்தான் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதையும் நல்ல பிள்ளைத்தனம் என்று நினைத்தேன்.

பொங்கலன்று பின்னேரம் அவனோடு திண்ணையில் இருந்து பையைக் காட்டச் சொன்னேன். ரோச் எதற்கு, கறண்ட் போனால். பிஸ்கட் எதற்கு, பார்சல் வரப் பிந்தினால். சால்வை எனக்காம், முகாமில் எனக்குக் குளிர்ந்ததாம். ஓட்டைப் பெட்டி எதற்கு என்றேன். பேசாமல் இருந்தான். கொடியிலை சொன்னபடி நானும் பேசாமல் இருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு நானே சொன்னேன், கோழியும் குஞ்சும் அன்றைக்குத் தண்ணீரில் செத்துப்போய்விட்டன, அம்மா உனக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று.

"எனக்குத் தெரியும். அன்ரி வீட்டை போய்ப் பாத்தனான்."

ஏனடா என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"நீங்கள் முகாமில இரவில அழுதனீங்கள். கேட்டா இன்னும் அழுவீங்கள்."

நான் அழுததை ஒருவரும் காணவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இவர் லீவு போட்டு வந்தார், அதுவே அதிசயம். மகன் இறங்கினவுடன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலை எங்கே? "பேர்தான் மலை, நிலம் சமம்" என்று இவர் சொன்னார். நம்பவில்லை. கோயில் வாசலில் கச்சான் விற்கிற அம்மாவிடம் போய், "இங்க மலை இருக்கோ?" என்று கேட்டான். "நானும் அறுபது வருசமாத் தேடுறன் அப்பு" என்றாராம் அவர். மகன் சிரித்தான். கேணியிலும் இறங்கினான், முழங்கால் வரைக்கும்தான், அதுக்கு மேல் வரவில்லை. சரியென்று விட்டோம்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று எழுதமாட்டேன். நேற்றும் படுக்கை நனைந்தது. 1926க்கு எடுத்துக் கதைத்தேன், யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள், புதன்கிழமை போகிறோம். வகுப்பு ஆசிரியையோடும் கதைத்தேன். அவனை மண்டபத்தில் யன்னல் பக்கமாக மாற்றி இருத்தியிருக்கிறார். எங்கள் பாய் விரித்திருந்த மூலை அவனுக்கு நேர் முன்னால் இருந்ததாம், அவருக்கும் அது தெரியாது.

"ஒண்டுமில்லை" என்று சொல்வதை நிற்பாட்டப் பார்க்கிறேன். மழை வந்தால், "வாய்க்கால் நிரம்பினா விதானையார் சொல்லுவார், சொன்னா நாங்கள் பள்ளிக்கூடம் போவம், உன்ரை பையும் வரும்" என்று சொல்கிறேன். செருப்பை இப்போது கட்டிலுக்குக் கீழே வைக்கிறான். கையெட்டுகிற தூரத்தில்தான்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். புதுக் குஞ்சு வாங்கவேணுமாம், ஆனால் கூடு தண்ணீருக்கு மேலே இருக்கவேணுமாம். சுவரில் போன வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது, அவனே அடிமட்டத்தை வைத்து அளந்தான், இரண்டு அடி மூன்று அங்குலம். நாலு கல் அடுக்கி அதன் மேல் வைத்தால் போதுமா?

---

பழைய பனை | தை 17, இரவு 10.40

கல் அடுக்காதே. தண்ணீர் இழுத்தால் கல் சரியும், கூடும் போகும். பனஞ்சிலாகை நாலு துண்டு எடு, நிலத்துக்குள் இரண்டு அடி தாழ், வெளியே நாலு அடி நிற்கவேணும். கூட்டைக் கம்பியால் கட்டு, ஆணி மட்டும் போதாது. கதவை வீட்டுப் பக்கம் பார்த்து வை, பொடியன் எட்டித் திறக்கக்கூடியதாக.

சிலாகை என்னிடம் கிடக்கிறது. தட்டாதெருப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வருவேன், மனுசனைச் சந்திக்கு வரச்சொல். பொடியனையும் கூட்டி வரட்டும், ஆழம் அளக்க ஆள் வேணும்.